நகல்: தகவலுக்காக

அரசாங்கக் கடிதம் எதுவானாலும் நான் கீழேயிருந்துதான் படிப்பேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். அனுப்புநர், பெறுநர், பொருள், பார்வை என்று மேலே வரிசையாக வருவதெல்லாம் சடங்கு. கையெழுத்துக்குக் கீழே, இடது ஓரமாக, 'நகல்' என்று ஒரு பட்டியல் இருக்கும். அந்தக் கடிதம் வேறு யார் யாருக்குப் போகிறது என்ற பட்டியல். யார் யாருக்கு மேலே, யாருக்கு யாரிடம் பயம், எந்த ஆபீஸுக்கும் எந்த ஆபீஸுக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மேலிடத்துக்குப் போகிற நகல் 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது'. சமமான இடத்துக்கு 'அன்புடன் அனுப்பலாகிறது'. மற்றவர்களுக்கும் மனு கொடுத்தவர்களுக்கும் வெறும் 'தகவலுக்காக'.

வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் நான் அப்போது இளநிலை உதவியாளர். பட்டாசுக் கடை, துப்பாக்கி உரிமம், சினிமா கொட்டகை எல்லாம் எங்கள் பிரிவு. அவற்றை என்னைவிட மூத்தவர்கள் பங்கு போட்டுக்கொண்டார்கள். 'இதர' என்று ஒரு தலைப்பு மிச்சமிருந்தது. யாருக்கும் சேராத காகிதமெல்லாம் இதர. இதர எல்லாம் எனக்கு.

இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருடம் ஆகியிருக்கும். கார்த்திகை தீபம் முடிந்த இரண்டாவது வாரம், மீன்வளத் துறையிலிருந்து ஒரு கடிதம் என் மேஜைக்கு வந்தது. சாத்தனூர் அணைப் பக்கம் இருக்கிற அவர்களுடைய சின்ன அலுவலகம் அனுப்பியது. அது சொன்ன விஷயம் இதுதான்: இவ்வலுவலகத்தில் அணையில் மீன் பிடிக்கும் வலைகளுக்கு மட்டுமே அனுமதி வழங்கப்படுகிறது. மனுதாரர் குறிப்பிடும் வலை செங்கம் சாலையில் விரிக்கப்படுவதாகத் தெரிகிறது. அவ்விடத்தில் இவ்வலுவலகக் கட்டுப்பாட்டில் நீர்நிலை ஏதும் இல்லை. எனவே மனு திருப்பி அனுப்பப்படுகிறது.

நான் இரண்டு முறை படித்துவிட்டு இணைத்திருந்த மனுவைப் புரட்டினேன். 'பொருள்: வலை மையம் நடத்த அனுமதி கோருதல்.' கொடுத்தவர் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஆறு கம்ப்யூட்டர் வைத்து பிரௌசிங் சென்டர் நடத்துகிற ஒரு பெண். எங்கள் ஆபீஸ் வாசல் மரத்தடியில் மனு எழுதித் தருகிறவர் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பிரௌசிங் சென்டர் என்று எழுத அவருக்குக் கை வராது. இணையம் என்ற சொல் அப்போதுதான் ஊருக்குள் நடமாட ஆரம்பித்திருந்தது, அது அவர் வரைக்கும் போய்ச் சேரவில்லை. நெட் என்றால் வலை என்று எழுதிவிட்டார். தபால் பிரிவில் திங்கட்கிழமை வந்து குவிகிற மனுக்களைப் பிரிக்கிறவருக்கு ஒரு மனுவுக்கு ஒரு நொடிதான் நேரம். வலை என்று கண்ணில் பட்டது, சிவப்புப் பென்சிலால் 'மீன்வளம்' என்று போட்டுவிட்டார்.

"இன்னாம்மா சிரிக்கிற?" என்றார் எங்கள் சூப்பிரண்டு. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு பேசுகிற, ஓய்வுக்கு இரண்டு வருடம் மிச்சமிருந்த மனிதர். கடிதத்தைக் கொடுத்தேன். அவர் சிரிக்கவில்லை. "முறையாத்தான் எழுதியிருக்கான். இதரல சேர்த்துக்க" என்றார்.

மறுநாள் அந்தப் பெண்ணே வந்துவிட்டாள். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவள். கீழ்பென்னாத்தூரில் நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். கம்ப்யூட்டர் படித்துவிட்டுச் சென்னையில் வேலை பார்த்து, அதை விட்டுவிட்டு வந்து சென்டர் திறந்திருக்கிறாள். பிளாஸ்டிக் கவருக்குள் டெலிபோன் பில், கரண்ட் கார்டு, ஊராட்சி ரசீது என்று எல்லாக் காகிதமும் வைத்திருந்தாள்.

"தீபத்துக்கு பந்தோபஸ்து வந்தவங்க லாட்ஜ், ஓட்டல் எல்லாம் செக் பண்ணினு வந்தாங்க மேடம். என் கடைக்கு வந்து லைசென்ஸ் எங்கன்னு கேட்டாங்க. இன்னா லைசென்ஸ் சார்னேன். உரிய அதிகாரிகிட்ட அனுமதி வாங்கினு வந்து தொறன்னு சொல்லிட்டு, பூட்டச் சொல்லிட்டாங்க."

"உரிய அதிகாரி யாருன்னு கேக்கலையா?"

"கேட்டேன். அது உனக்குத்தான் தெரியணும்னாங்க."

வெளிநாட்டுக்காரர்கள் ஊரில் நிறைந்திருக்கிற மாதங்கள் அவை. தீபத்திலிருந்து மாசி வரைக்கும்தான் அவளுக்கு வருடத்தில் நாலு ஆள் வருவார்கள். அதைவிட அவள் அதிகம் சொன்னது ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. துபாய்க்கும் மஸ்கட்டுக்கும் புருஷனை அனுப்பிவிட்டிருந்த பெண்கள் அவள் ஊர்ப் பக்கமிருந்து வேனில் வந்து, காமிராவில் முகம் பார்த்துவிட்டுப் போவார்களாம். இரண்டு ஞாயிறாக வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கட்டடக்காரரும் கெடு வைத்துவிட்டார். பொங்கலுக்குள் கடை திறக்கவில்லை என்றால் இடத்தை ஜூஸ் கடைக்கு விட்டுவிடுவாராம்.

"ஒரே ஒரு பேப்பர் மேடம். யார்கிட்ட வாங்கணும்னு மட்டும் சொல்லுங்க. நான் போய் வாங்கிக்கிறேன்" என்றாள்.

இவ்வளவுதானே என்று நினைத்தேன். எனக்கு ஒரு வியாதி உண்டு. ஒரு விஷயம் யாருடைய பொறுப்பு என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. இன்றைக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்று விதிப் புத்தகங்களை எடுத்து உட்கார்ந்தேன். தொழில் உரிமப் பட்டியலில் அரிசி மில் இருந்தது, சலவைக் கடை இருந்தது, சோடா கம்பெனிகூட இருந்தது. கம்ப்யூட்டர் இல்லை. கேளிக்கைச் சட்டத்தில் சர்க்கஸ் வரைக்கும் வந்தேன். சாயந்திரம் வரை தேடியும் உரிய அதிகாரி கிடைக்கவில்லை. கோபம்தான் வந்தது.

ஒவ்வொரு இடமாகக் கேட்கத் தொடங்கினேன். காவல் துறை, அனுமதி கொடுப்பது கலெக்டர் ஆபீஸ்தான் என்றது. ஊராட்சி, பட்டியலில் இல்லாத தொழிலுக்கு நாங்கள் என்ன செய்ய என்றது. டெலிபோன் ஆபீஸ்காரர் மரியாதையாகப் பேசினார். "லைன் குடுக்கறது எங்க வேலை மேடம். லைன்ல இன்னா போவுதுன்றது எங்க வேலை இல்ல. அதுவுமில்லாம நாங்க சென்ட்ரல். நீங்க ஸ்டேட். நீங்க கேட்டு நான் பதில் எழுதறதா இருந்தா சென்னை வழியாத்தான் எழுதணும்."

கடைசியில் எங்கள் கட்டடத்திலேயே இருந்த ஏ.சி. அறைக்குப் போனேன். கலெக்டர் ஆபீஸின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள டெல்லி சர்க்கார் துறை ஒன்று வைத்திருந்த அறை. அதில் இருந்தவரை டெல்லிக்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். ஆள் ஆரணிக்காரர். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். போனதும் டீ வாங்கிக் கொடுத்தார்.

"இன்டர்நெட்டுக்கு அதிகாரி யாரு சார்?" என்று நேராகவே கேட்டேன்.

"கம்பி ஒருத்தர்து மேடம். சட்டம் இன்னொருத்தர்து. பயம் மூணாவது ஒருத்தர்து" என்றார். பிறகு விளக்கினார். தொலைத்தொடர்பு அமைச்சகம் கம்பியையும் கம்பி கொடுக்கிற கம்பெனிகளையும் பார்க்கும். கட்டணத்தை மேற்பார்க்க அதற்குப் பக்கத்தில் தனியாக ஓர் ஆணையம். கம்ப்யூட்டர் அமைச்சகத்திடம் ஒரு சட்டம் இருக்கிறது, புதுசு, இன்னும் பாதிப் பேர் படிக்கவில்லை. பாதுகாப்பு என்று வந்தால் உள்துறை. இது போதாதென்று மாநிலத்தில் ஒரு கணினித் துறை, அது ஊருக்கு ஊர் சென்டர் திறக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறது. மாநிலப் போலீஸ் மூட வேண்டும் என்கிறது.

"இவங்களுக்கெல்லாம் மேல யாரு?"

"மேலன்னு யாரும் கிடையாது. பக்கத்துல பக்கத்துல இருக்காங்க."

"ஒருத்தரோட ஒருத்தர் பேசிக்குவாங்களா?"

"பேசுவாங்களே. கமிட்டில."

"கமிட்டிக்குத் தலைவர்?"

"மீட்டிங்கை யார் கூட்டினாங்களோ அவங்க."

நான் இதையெல்லாம் எழுதிக் கொடுங்கள் என்றேன். அவர் சிரித்துவிட்டார். "எழுதறதா இருந்தா நான் சென்னைக்கு எழுதணும். சென்னை டெல்லிக்கு எழுதும். டெல்லி மத்த மூணு பேரைக் கேக்கும். அவங்க சொன்னதும் அதே வழியா திரும்பி வரும். அப்புறம் நான் உங்களுக்கு எழுதுவேன்."

"நீங்க எனக்கு ரெண்டு ரூம் தள்ளித்தான சார் உக்காந்துகினு இருக்கீங்க?"

"அதான் மேடம் வாயால சொல்லிட்டேனே" என்றார்.

அன்று வீட்டுக்குப் போய், கிழித்த மாதக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒவ்வொரு ஆபீஸுக்கும் ஒரு கட்டம் போட்டேன். உத்தரவு போகிற வழிக்குச் சிவப்பு அம்பு, நகல் போகிற வழிக்கு நீல அம்பு. சிவப்பு ரொம்பக் கம்மி. நீலம் ஜாஸ்தி. நடுவில் 'உரிய அதிகாரி' என்று ஒரு கட்டம் போட்டு வைத்திருந்தேன். எல்லாக் கட்டத்திலிருந்தும் ஒரு கோடு அதை நோக்கி வந்தது. அதிலிருந்து ஒரு கோடும் வெளியே போகவில்லை. என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "இன்னாது, ஜாதகமா?" என்றார். யாருடைய ஜாதகம் என்று எனக்கும் அப்போது தெரியவில்லை.

பொங்கலுக்குப் பத்து நாள்கூட இல்லை. அவள் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்துகொண்டிருந்தாள். மேடம் என்பது அக்கா ஆகியிருந்தது. அவளிடம் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு வெட்கமாக இருந்தது. படித்துவிட்டுச் சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிற ஒருத்தியை, இல்லாத ஓர் ஆளைத் தேட விட்டிருக்கிறோம்.

உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு கடிதம் எழுதினேன். பெறுநர், சென்னைத் தலைமைச் செயலகம். பொருள், உரிய அதிகாரி யார் எனத் தெரிவிக்கக் கோருதல். உள்ளே நாலு வரி. மேற்படி மையத்திற்கு எந்த விதியின் கீழ் எந்த அலுவலரின் அனுமதி தேவை என்று தெரிவிக்கும்படியும், அதுவரை மனு பரிசீலனையில் உள்ளது என்றும். முந்தைய கடிதங்களைச் சுட்டுகிற பார்வையில் இதுவரை வந்த எல்லாக் கடிதத்தையும் சேர்த்தேன். நகல் பட்டியலில் யாரையும் விடவில்லை. காவல் கண்காணிப்பாளர், டெலிபோன், ஊராட்சி, மாநிலக் கணினித் துறை, டெல்லியின் மூன்று அமைச்சகங்கள், எங்கள் ஏ.சி. அறை. பார்வையில் இருக்கிற ஆபீஸுக்கு நகல் போயே ஆக வேண்டும் என்பதால் மீன்வளம். மொத்தம் ஒன்பது. பத்தாவதாக, மனுதாரர், தகவலுக்காக.

சூப்பிரண்டு கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார். "டெல்லிக்கு நாம நேரா எழுதக் கூடாதும்மா."

"எழுதலையே ஐயா. நகல்தானே."

"மனு குடுத்த பொண்ணுக்கு எதுக்கு? நமக்கே தெரியலன்னு அதுக்குத் தெரிவிக்கறதா? நீ 17பி வாங்காம அடங்க மாட்ட." ஒழுங்கு நடவடிக்கைக்கு எங்கள் ஆபீஸில் அதுதான் பெயர்.

"அவங்க மனு மேலதான ஐயா எழுதறோம். தெரிஞ்சிக்கட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே சுருக்கொப்பம் போட்டார். மேலே போய்க் கையெழுத்தாகி வந்தது. அவளிடம் கொடுக்கும்போது, "இது அனுமதி இல்லம்மா, வெறும் நகல்" என்று மூன்று முறை சொன்னேன். அவள் தலையை ஆட்டிவிட்டு, நேரே ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள்.

சாயந்திரம் போன் வந்தது. ஸ்டேஷன் எழுத்தர் கடிதத்தை வாங்கி, என்னைப் போலவே கீழேயிருந்து படித்தாராம். பட்டியலில் அவருடைய கண்காணிப்பாளர் இருந்தார். டெல்லி மூன்று இடத்தில் இருந்தது. "இத்தினி பேருக்குத் தெரியுமா? பரிசீலனைல வேற கீது. இதுல நாம இன்னா சொல்றதுக்கு இருக்கு. தொறந்துக்கம்மா" என்றாராம். போகி அன்றைக்குச் சென்டர் திறந்துவிட்டது.

காணும் பொங்கலுக்கு நான் போனேன். கடிதத்தை லேமினேட் செய்து வாசலுக்கு நேராக மாட்டியிருந்தாள். மேலே சந்தனம், குங்குமம். உள்ளே ஒரு பெண் காமிராவுக்கு முன்னால் குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "அப்பா பாரு, அப்பா பாரு" என்று கத்திக்கொண்டிருந்தாள். படம் நின்று நின்று வந்தது. குழந்தை கீபோர்டைத்தான் பார்த்தது. இதற்காகவா ஒன்பது ஆபீஸ் என்று இருந்தது.

பிறகு எனக்கும் ஒரு நாற்காலி போட்டாள். இன்டர்நெட்டில் நான் முதன்முதலாகக் கேட்ட கேள்வி, இன்டர்நெட்டை யார் நடத்துகிறார்கள் என்பது. ஆங்கிலத்தில் தட்டித் தேடிக் கொடுத்தாள். ஒரு படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. வட்டம் வட்டமாகப் போட்டு, நடுவில் அம்புகள். தளங்களுக்குப் பெயர் கொடுப்பவர்கள் ஒரு வட்டம், கம்ப்யூட்டர்களுக்கு எண் கொடுப்பவர்கள் ஒரு வட்டம், தேசங்களின் சர்க்கார்கள் கூடி ஆலோசனை சொல்வது ஒரு வட்டம். எல்லாம் பக்கத்தில் பக்கத்தில். மேலே ஒன்றும் இல்லை.

"அக்கா, உங்க காலண்டர் தாள் மாதிரியே கீது" என்றாள். அவளுக்கு அதை ஒருமுறை காட்டியிருந்தேன். எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. வேங்கிக்காலில் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

நாலைந்து வருடம் போனது. பிராட்பேண்ட் வந்து, ஊரில் மூலைக்கு மூலை சென்டர் ஆகிவிட்டது. எந்த சென்டருக்குள் போனாலும் சுவரில் என் கடிதத்தின் ஜெராக்ஸ். ஒருவரைப் பார்த்து ஒருவர் எடுத்திருக்கிறார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்து எழுத்து மங்கியிருக்கும், நகல் பட்டியல் மட்டும் பளிச்சென்று தெரியும்.

அப்போது சென்னையிலிருந்து ஓர் உத்தரவு வந்தது. பாதுகாப்புக் காரணங்களுக்காக, உரிய அனுமதியோ, ஆட்சேபணை இல்லை என்கிற தடையின்மைச் சான்றோ இன்றி இயங்கும் மையங்களை மூடி, ஒரு வாரத்துக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். கூடவே ஒரு படிவம். மையத்தின் முகவரி, தொடங்கிய வருடம், 'அனுமதி அல்லது தடையின்மை வழங்கிய துறை'. கடைசிக் கட்டம் காலியாக இருந்தால் மூட வேண்டும். ஊரிலிருந்த மையங்களின் பட்டியலில் முதல் பெயர் அவளுடையது. பழைய சூப்பிரண்டு ஓய்வு பெற்றுப் போய்விட்டார். நான் உதவியாளராகியிருந்தேன். இதர இன்னமும் என்னிடமே இருந்தது.

விஷயம் அதற்குள் வெளியே போய்விட்டது. அவள் போன் செய்தாள். "அக்கா, மூடிடுவாங்களா?"

"தெரியலம்மா" என்றேன். தெரியாமல் இல்லை. ஒரு நகலைக் கொடுத்து ஒரு வாழ்க்கையை ஓட்ட விட்டவள் நான்தான். அது அனுமதி இல்லை என்று மூன்று முறை சொன்னதெல்லாம் இப்போது அவளுக்கு என்ன உதவி?

பழைய கோப்பை எடுத்தேன். வழக்கம்போலப் பின்னாலிருந்து புரட்டினேன். தலைமைச் செயலகத்திலிருந்து பதில் இல்லை. டெல்லி, போலீஸ், டெலிபோன், ஒருவரும் பதில் எழுதவில்லை. எல்லோரும் இன்னொருவர் எழுதுவார் என்று இருந்திருப்பார்கள். அடியில் ஒரே ஒரு காகிதம், 'கோப்பில் சேர்க்க' என்று நானே எழுதி, படிக்காமல் சொருகியது. நகல் கிடைத்ததும் முறையாகப் பதில் போட்டிருந்தது ஒரே ஒரு ஆபீஸ்.

'பார்வையில் கண்ட கடிதத்தின் நகல் கிடைக்கப்பெற்றது. செங்கம் சாலையில் வலை மையம் நடத்துவதில் இவ்வலுவலகத்திற்கு ஆட்சேபணை ஏதும் இல்லை.' கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் சரியாக இருந்தது. மீன்வளம்.

படிவத்தை இழுத்து, கடைசிக் கட்டத்தில் 'மீன்வளத் துறை' என்று எழுதி, கடித எண்ணையும் போட்டேன். கடிதத்தில் எந்த மையம் என்று பெயர் இல்லை. செங்கம் சாலையில் இருந்த மற்ற சென்டர்களுக்கும் 'மேற்படி' என்று போட்டுக்கொண்டே வந்தேன். மற்ற தெருக்காரர்களுக்கு என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

புது சூப்பிரண்டு படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இன்னாம்மா இது?"

"கோப்புல இருக்கறது ஐயா."

"கேள்வி வந்தா நீதான் பதில் சொல்லணும்" என்று கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. கவரைப் பிரித்தேன். கீழேயிருந்துதான் படித்தேன். நகல் பட்டியலில் டெல்லி இருந்தது, போலீஸ் இருந்தது, கணினித் துறை இருந்தது. கடைசி வரியில், புதிதாக, 'இயக்குநர், மீன்வளத் துறை, சென்னை, அன்புடன் அனுப்பலாகிறது' என்று இருந்தது. மெதுவாக மேலே போனேன். தடையின்மை பெற்றுள்ள மையங்கள் தொடர்ந்து இயங்கலாம்.

அவளுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியாத ஒரு குரலில், "அந்த லெட்டருக்கும் ஒரு நகல் குடுங்கக்கா. மாட்டணும்" என்றாள்.

ஜெராக்ஸ் எடுத்தேன். பட்டியலுக்குக் கீழே அவளுக்கு ஒரு வரி நான் கையால் சேர்க்க வேண்டும். 'மனுதாரர்' என்று எழுதினேன். தகவலுக்காக என்று எழுத வந்த கையை நிறுத்திக்கொண்டு, பக்கத்தில் எழுதினேன்: 'பணிந்து சமர்ப்பிக்கப்படுகிறது.'